வீடு கேட்டவரை வீட்டுக்கு அனுப்பினோம்

தேர்தல் நெருங்கினால் நம் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கொடி கட்டுவார்கள். அரிசிப் பை வரும். கோயில் திருப்பணிக்குக் காசோலை வரும். படிக்கட்டு விளக்கு எரியும். ஆறு மாதமாக ஓடாத மின்தூக்கி ஓடத் தொடங்கும். கொடுத்தவர் படம் எடுத்துக்கொண்டு போவார். வாக்களிப்பு முடிந்த மறுவாரம் மின்தூக்கி மறுபடியும் நிற்கும்.

இந்த அமர்க்களத்தில் கேட்கப்படாமல் போகும் ஒரு கேள்வி உண்டு. நம் பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள்? 650 சதுர அடி குறைந்த விலை வீட்டில் அப்பா, அம்மா, கல்யாணமான மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று எத்தனை பேர் படுப்பது? இந்தக் கேள்வியை வேட்பாளரிடம் கேட்டால் "விண்ணப்பப் பாரம் கொடுங்கள், பார்க்கிறேன்" என்பார். அதாவது வீடு என்பது அவர் மனது வைத்துக் கொடுக்கும் பொருள். நமக்குச் சேர வேண்டிய உரிமை அல்ல.

வீடு உரிமை என்று சொல்லி அரசியல் செய்த ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவரை இரண்டு முறை தோற்கடித்தோம், இரண்டு முறை வெற்றி பெறச் செய்தோம், பிறகு வைப்புத்தொகைகூட இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினோம். டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ் அவர்களைத்தான் சொல்கிறேன். அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவருடைய அரசியல் வாழ்க்கையில் நம்முடைய வீட்டுக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரே தொகுதி, மூன்று பேர்

பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் மூன்றே பேர் கையில் வைத்திருந்தனர். மூவரும் தமிழர்கள்.

முதலாமவர் துன் வீ.தி.சம்பந்தன். 1959 முதல் 1974 வரை அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறிய காலம் அது. தோட்டம் கைமாறினால் வேலை போகும். வேலை போனால் லயம் போகும். லயம் போனால் தெருதான். சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணை முறையில் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. "காலடி மண் நமக்குச் சொந்தமாக வேண்டும்" என்பதே அதன் அடிப்படை. அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. கேள்வி மட்டும் சரியான கேள்வி.

இரண்டாமவர் ச.சாமிவேலு. 1974 முதல் 2008 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள். ம.இ.கா.வின் தலைவர், பொதுப்பணி அமைச்சர். அவர் காலத்தில் நெடுஞ்சாலைகள் வந்தன. தோட்டங்கள் அழிந்து நகரங்கள் ஆனதும் அவர் காலத்தில்தான். இலட்சக்கணக்கான நம்மவர்கள் தோட்டத்தை விட்டுப் புறநகர்ப் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பிறகு அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். அந்த இடம்பெயர்வுக்கு முறையான வீட்டுத் திட்டம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் விண்ணப்பம், சிபாரிசு, மாலை, மரியாதை.

மூன்றாமவர் டாக்டர் ஜெயகுமார். 2008 முதல் 2018 வரை.

மருத்துவமனையிலிருந்து லயத்துக்கு

ஜெயகுமார் அரசு மருத்துவமனையில் பணியாற்றிய நெஞ்சுநோய் நிபுணர். தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தால் பணக்காரர் ஆகியிருப்பார். அவரும் துணைவியாரும் நண்பர்களும் சுங்கை சிப்புட்டில் 'அலைகள்' என்ற அமைப்பின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களிடையே வேலை செய்தனர். மாதச் சம்பளக் கோரிக்கை, வெளியேற்ற நோட்டீஸ், வீட்டுக் கோரிக்கை இவையே அந்த வேலை.

1998இல் தோழர்கள் சேர்ந்து மலேசிய சோசலிசக் கட்சியை, அதாவது பி.எஸ்.எம்.மை அமைத்தார்கள். அரசாங்கம் பதிவு செய்ய மறுத்தது. பத்து ஆண்டுகள் போராடி 2008இல்தான் பதிவு கிடைத்தது. அதுவரை வேறு கட்சிகளின் சின்னத்தில்தான் நிற்க முடிந்தது. 1999இல் ஜ.செ.க. சின்னத்தில் சாமிவேலுவை எதிர்த்து நின்றார், தோற்றார். 2004இல் பி.கே.ஆர். சின்னத்தில் நின்றார், மறுபடியும் தோற்றார். 2008இல் 1,821 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அந்த வெற்றிக்கு 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்ச் சாலைகளில் பொங்கிய நம் மக்களின் கோபமும் ஒரு காரணம். ஆனால் கோபம் நாடு முழுவதும் இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரைத் தோற்கடிக்க, லயம் லயமாக ஏறி இறங்கிய ஒருவர் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தார் என்பதை மறக்கக்கூடாது.

வென்ற பிறகு என்ன நடந்தது? ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி போனது. எதிர்க்கட்சிக்காரருக்கு இல்லை. அந்தப் பணம் வரி கட்டும் எல்லாருடைய பணம்தானே, ஏன் எங்கள் தொகுதி மக்களுக்கு மறுக்கிறீர்கள் என்று ஜெயகுமார் நீதிமன்றம் போனார். மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயும் வழக்கை விசாரிக்க அனுமதி கிடைக்கவில்லை. சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வழக்கு தோற்றது, ஆனால் கேட்ட கேள்வி தோற்கவில்லை. இன்றும் எதிர்க்கட்சித் தொகுதியில் வாழும் ஏழையின் கூரை ஒழுகினால், அவன் வாக்களித்த சின்னத்தைப் பார்த்துத்தான் உதவி வருகிறது.

ஒரே சட்டத்தின் இரண்டு கைகள்

2011 ஜூன் மாதம் பி.எஸ்.எம். தோழர்கள் பேருந்தில் பிரச்சாரம் போனபோது பினாங்குப் பகுதியில் முப்பது பேர் கைது செய்யப்பட்டனர். மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுக்க முயன்றார்கள் என்று போலீஸ் சொன்னது! அவர்களில் ஆறு பேர் அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். நாடாளுமன்ற உறுப்பினரான ஜெயகுமார் அந்த ஆறு பேரில் ஒருவர். ஜூலை இறுதியில் விடுதலையானார்.

இந்தச் செய்தி பலருக்கு நினைவிருக்கும். இன்னொரு செய்தி அவ்வளவாகத் தெரியாது. 1969 மே கலவரத்துக்குப் பின் அறிவிக்கப்பட்ட அதே அவசரகால நிலையின் கீழ் இன்னொரு விதிமுறையும் பிறந்தது. புறம்போக்குக் குடியிருப்பாளர்களை அகற்றும் 1969ஆம் ஆண்டு விதிமுறை. இதைக் காட்டித்தான் ஊராட்சி மன்றங்கள் நீதிமன்ற ஆணை இல்லாமலேயே வீடுகளை உடைத்தன. மண்வாரி இயந்திரம் வரும், அமலாக்க அதிகாரிகள் வருவார்கள், சட்டியும் பானையும் மழையில் கிடக்கும். கேட்டால் அவசரகாலம்! 1969இல் வந்த அவசரம் நாற்பது ஆண்டுகளாகத் தீரவில்லை.

ஏழையின் வீட்டை உடைத்தது ஒரு கை. அதைக் கேட்ட அரசியல்வாதியை உள்ளே தள்ளியது இன்னொரு கை. உடம்பு ஒன்றுதான். 2011 இறுதியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை ரத்து செய்தது. அவற்றின் கீழ் வந்த சட்டங்கள் 2012இல் காலாவதியாயின.

ஆனால் அவசரகாலச் சட்டம் போனதால் ஏழைக்கு வீட்டுரிமை வந்துவிடவில்லை. நம் கூட்டரசு அரசியலமைப்பில் சொத்துரிமைக்கு 13ஆவது விதி இருக்கிறது. வீட்டுரிமைக்குத் தனி விதி இல்லை. சொத்து உள்ளவனுக்குப் பாதுகாப்பு உண்டு, இல்லாதவனுக்கு இல்லை. 1982இல் சீடேக் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், புறம்போக்கில் குடியிருப்பவருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, சமநீதியிலும் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இன்றும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வீசுவது அந்தத் தீர்ப்பைத்தான். பிறகு 1991இல் பொஹாரி தாயிப் வழக்கில், அரசாங்கத்தின் சம்மதத்தோடும் நம்பிக்கையோடும் குடியேறியவர்களைச் சாதாரணப் புறம்போக்குக்காரர்கள் என்று சுருக்கு வழியில் வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் ஒரு சின்னக் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக நுழைய ஆதாரம் வேண்டும்: யார் வரச் சொன்னார்கள், யார் வாக்குறுதி கொடுத்தார்கள், எந்தக் கடிதம், எந்தத் தேதி. நம்மவர்களிடம் பெரும்பாலும் இருப்பது "ஐயா வாயால் சொன்னார்" என்பது மட்டும்தான்.

கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். பினாங்கில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கிராமம். 2009இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் கதவு மூடியது. அவ்வாண்டு செப்டம்பரில் கிராமம் தரைமட்டமானது. மாநில அரசாங்கம் பேச்சு நடத்தி மாடி வீடு தருவதாகச் சொன்னது. நிலத்தை விற்க அனுமதி தந்தது முந்தைய அரசாங்கம். உடைக்கும்போது இருந்தது நாம் வாக்களித்துக் கொண்டுவந்த அரசாங்கம். ஆட்சி மாறினால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய பாடம்.

25,000 வெள்ளி வீடு எங்கே?

இப்போது விலைக்கு வருவோம். 1982இல் அரசாங்கம் குறைந்த விலை வீட்டின் விலையை 25,000 வெள்ளி என்று நிர்ணயித்தது. மாதம் 750 வெள்ளிக்கு மேல் போகாத குடும்பத்துக்கு அந்த வீடு. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் விலை இருந்தால்தான் அது வாங்கக்கூடிய வீடு என்பது உலகம் முழுவதும் பயன்படுத்தும் அளவுகோல். 750ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள், 9,000. மூன்று மடங்கு 27,000. ஆக, அந்த 25,000 வெள்ளி வீடு உண்மையிலேயே மலிவு வீடுதான். பெரிய வீட்டுத் திட்டங்களில் முப்பது விழுக்காடு இப்படிப்பட்ட வீடாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

1998இல் இடத்துக்கு ஏற்றபடி 42,000 வெள்ளி வரை விலை உயர்த்தப்பட்டது. அதற்குப் பிறகு மேம்பாட்டு நிறுவனங்களுக்கு அந்த வீடு கட்டுவதில் இலாபம் இல்லை. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லியும், பதிலுக்குப் பணம் கட்டுகிறோம் என்று சொல்லியும் நழுவினார்கள். மாநில அரசாங்கங்கள் பல இடங்களில் விட்டுக்கொடுத்தன. "குறைந்த விலை" என்ற சொல் மெல்ல மறைந்து "மாம்பு மிலிக்" என்ற சொல் வந்தது. வாங்கக்கூடிய வீடு என்று அர்த்தம். யாரால் வாங்கக்கூடிய வீடு என்பதை மட்டும் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. கணவனும் மனைவியும் இருவரும் அந்தச் சம்பளம் வாங்கினால் மாதம் 3,400. ஆண்டுக்கு 40,800. மூன்று மடங்கு 122,400 வெள்ளி. ஒருவர் மட்டும் சம்பாதித்தால் 61,200 வெள்ளி. மலிவு வீட்டுக்காகவே தொடங்கப்பட்ட பிரிமா திட்டத்தின் விலையோ ஒரு இலட்சம் முதல் நான்கு இலட்சம் வெள்ளி வரை. பாதுகாவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்பவராகவும் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கில் இடம் எங்கே?

இது நம் குடும்பங்களின் கணக்கு மட்டும் அல்ல. கசானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், 2014ஆம் ஆண்டு நாட்டின் வீட்டு விலை ஆண்டு வருமானத்தைப் போல் 4.4 மடங்கு என்றும் கோலாலம்பூரில் 5.4 மடங்கு என்றும் கணக்கிட்டது. அரசாங்கத்துக்கு நெருக்கமான நிறுவனமே சொன்னது இது.

விலை ஒரு சுவர். அதைத் தாண்டினால் வங்கி இன்னொரு சுவர். மோட்டார் சைக்கிள் தவணை இரண்டு மாதம் தாமதம், படிப்புக் கடன் பாக்கி, சம்பளச் சீட்டு இல்லாத குத்தகை வேலை. கடன் நிராகரிப்பு! சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு அரசாங்கமே உத்தரவாதம் தரும் எஸ்.ஜே.கே.பி. திட்டம் 2008 முதல் இருக்கிறது. நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எந்த ஒய்.பி. வீட்டு வாசலுக்கு வந்து சொன்னார்?

லயம் கொடுத்த பாடம்

தோட்டத்து வீட்டுக் கதை இன்னும் கசப்பு. தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம் 1990இல் வந்தது. முதலாளி கொடுக்கும் குடியிருப்பில் தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆனால் அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாகும் என்று எங்கும் சொல்லவில்லை. தாத்தா காட்டை வெட்டினார், அப்பா பால் வெட்டினார், மகன் செம்பனைக் குலை அறுத்தான். மூன்று தலைமுறைக்குப் பிறகும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் வேலை இருக்கும் வரை தங்க அனுமதிக்கப்பட்டவர்கள். வேலை முடிந்தால் அனுமதியும் முடிந்தது.

நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்த மண்ணில் பிராங் புசார் தோட்டம் இருந்தது. பிரதமர் அலுவலகத்தின் பச்சைக் கூரையைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். அந்த மண்ணை உழைத்துச் செழிக்க வைத்த தோட்டக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. தரை வீடு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்களுக்கும் அதே கதைதான். வாக்குறுதி கொடுத்தவர்கள் பதவி முடிந்து போனார்கள். கேட்டவர்களில் பலர் வீட்டைப் பார்க்காமலேயே கண்ணை மூடினார்கள். 2023இல்தான் அங்குள்ள குடும்பங்களுக்கு வீடு கட்டும் திட்டம் கூட்டரசு அளவில் அறிவிக்கப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறிவிப்பு யாருடைய கருணையாலும் வரவில்லை. விடாமல் மனு கொடுத்து, மறியல் செய்து, தலைமுறை மாறியும் கோரிக்கையை மாற்றாமல் நின்ற மக்களால் வந்தது.

2018: நாம் செய்தது என்ன?

2013இல் ஜெயகுமார் மறுபடியும் வென்றார். 2018இல் நம்பிக்கைக் கூட்டணி அவருக்கு இடம் விடவில்லை. பி.எஸ்.எம். தன் சொந்தக் கைமுட்டிச் சின்னத்தில் போட்டியிட்டது. நாடு முழுவதும் ஆட்சி மாற்ற அலை. சுங்கை சிப்புட்டில் பி.கே.ஆர். வேட்பாளர் வென்றார். பத்து ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,500 வாக்குகள். வைப்புத்தொகை பறிபோனது.

"நல்ல மனிதர்தான், ஆனால் வாக்கு வீணாகிவிடுமே!" என்று அப்போது பலர் சொன்னார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபத்தோரு ஆண்டு ஆட்சியை இறக்க வேண்டும் என்ற வேகம் நியாயமானது. நான்கு முனைப் போட்டியில் வாக்கு சிதறக்கூடாது என்று நினைத்ததும் புரிந்துகொள்ளக்கூடியது. பி.எஸ்.எம்.மும் தன் பங்குக்குக் கணக்கைச் சரியாகப் போட்டதா என்று அவர்களே யோசிக்க வேண்டும். கொள்கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோக ஒரு நாற்காலி வேண்டும்.

ஆனால் நமக்கும் ஒரு கேள்வி உண்டு. வாக்கு மாறிய பிறகு, வீட்டுக் கோரிக்கையை யார் கையில் கொடுத்தோம்? ஜெயகுமார் தோற்றது ஒரு மனிதரின் தோல்வி. அவர் நாடாளுமன்றத்தில் எழுப்பிய தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிரச்சினையைப் புதியவர் தொடர வேண்டும் என்று நாம் நிபந்தனை போட்டோமா? போடவில்லை. சின்னத்துக்கு வாக்களித்தோம், கேள்வியை மறந்துவிட்டோம். அதுதான் உண்மையில் வீணான வாக்கு.

இனமா, வர்க்கமா?

இந்த இடத்தில் நம் இயக்க நண்பர்கள் குறுக்கே பேசுவார்கள். "ஜெயகுமார் எப்போதும் ஏழை, ஏழை என்கிறார். தமிழன் என்று சொல்வதில்லை. ஏழை மலாய்க்காரனுக்கும் ஏழைத் தமிழனுக்கும் ஒரே பிரச்சினையா?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

பூமிபுத்ரா வாங்குபவருக்கு வீட்டு விலையில் தள்ளுபடி உண்டு. சிலாங்கூரில் 7 விழுக்காடு, ஜொகூரில் 15 விழுக்காடு. மாளிகை வாங்கும் கோடீஸ்வரருக்கும் அந்தத் தள்ளுபடி உண்டு. குறைந்த விலை வீட்டுக்கு வரிசையில் நிற்கும் தமிழ்த் தொழிலாளிக்கு இல்லை. இதைக் கேட்டால் "153ஆவது விதி, பேசாதே" என்பார்கள். தயவுசெய்து அந்த விதியை எடுத்துப் படியுங்கள். அரசு வேலை, உபகாரச் சம்பளம், கல்வி வசதி, உரிமம் ஆகியவை அதில் உள்ளன. வீட்டுத் தள்ளுபடி அதில் இல்லை. அது மாநில அரசாங்கங்கள் நில அனுமதி கொடுக்கும்போது போடும் நிபந்தனை. நிபந்தனை போட்டவர்கள் அதை மாற்றவும் முடியும். தேவையின் அடிப்படையில் தள்ளுபடி கொடுங்கள் என்று கேட்பது அரசியலமைப்புக்கு விரோதம் அல்ல.

ஆகவே இனப் பாகுபாட்டைப் பெயர் சொல்லிப் பேசத்தான் வேண்டும். அதில் சோசலிசத் தோழர்கள் இன்னும் அழுத்தமாகப் பேசியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ம.இ.கா. காலம் முழுக்க "இந்தியர் ஒதுக்கீடு" என்றுதான் பேசினோம். அந்த ஒதுக்கீட்டில் வந்த வீடு யாருக்குப் போனது? கிளைத் தலைவருக்கும் அவர் மைத்துனருக்கும் போனது என்று நம் பெரியவர்களே சொல்வார்கள். இனத்தின் பெயரால் வாங்கி வர்க்கத்தின் பெயரால் பிரித்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பேசாத அரசியல் நமக்கு வீடு தராது.

வாங்கத்தான் வேண்டுமா?

வீடு விற்பனைப் பண்டம் அல்ல, அடிப்படைத் தேவை என்பது பி.எஸ்.எம்.மின் நிலைப்பாடு. அதில் எனக்கு முழு உடன்பாடு. எல்லாரையும் முப்பத்தைந்து ஆண்டுக் கடனுக்குள் தள்ளுவது வீட்டுக் கொள்கை அல்ல, வங்கிக் கொள்கை. பி.பி.ஆர். வாடகை வீடு மாதம் 124 வெள்ளி என்று வைத்தார்கள். அது நல்ல யோசனை. கெட்டது பராமரிப்பு. கட்டியது போதவில்லை. வருமானத்துக்கு ஏற்ற வாடகையில், அரசாங்கமே கட்டி, அரசாங்கமே பராமரிக்கும் வீடுகள் பெருகினால் தனியார் விலையும் தானாக இறங்கும்.

அரசாங்கத்தால் முடியாது என்பார்கள். பக்கத்தில் சிங்கப்பூர் 1960இல் வீவகவைத் தொடங்கியது. இன்று அந்நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் அரசு கட்டிய வீட்டில்தான் வாழ்கிறார்கள். அங்கும் 1989இல் வந்த இன ஒதுக்கீட்டு விதியால் தமிழர்கள் வீட்டை விற்கச் சிரமப்படுவது உண்டு. குறை உண்டு, ஆனால் கூரை உண்டு. முடியாது என்பது பொய். மனமில்லை என்பதே உண்மை.

இன்னொன்று. உங்கள் வீட்டை உடைக்க முடிவு செய்வதும், உங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் என்ன கட்டலாம் என்று அனுமதி கொடுப்பதும் ஊராட்சி மன்றம். அந்த மன்ற உறுப்பினருக்கு நீங்கள் வாக்களித்தீர்களா? இல்லை. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவே இல்லை. கட்சிகள் தங்கள் ஆட்களை நியமிக்கின்றன. நம் கூரைக்கு மிக அருகில் இருக்கும் அதிகாரம்தான் நம் வாக்கிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது.

இனி என்ன செய்வது?

வரப்போகும் தேர்தலில் யார் உங்கள் வாசலுக்கு வந்தாலும், எந்தக் கொடியோடு வந்தாலும், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒன்று, இந்தத் தொகுதியில் மாதம் 3,400 வெள்ளிக் குடும்பம் வாங்கக்கூடிய, 122,400 வெள்ளிக்குள் அடங்கும் வீடு எத்தனை கட்டுவீர்கள்?

இரண்டு, வாங்க முடியாதவர்களுக்கு வாடகை வீடு எத்தனை?

மூன்று, விண்ணப்ப வரிசையையும் வீடு கிடைத்தவர்களின் இன, வருமான விவரத்தையும் வெளியிடுவீர்களா?

நான்கு, தோட்டம் விற்கப்படும்போது தொழிலாளிக்குச் சொந்த வீடு தராமல் நில மாற்றத்துக்கு அனுமதி இல்லை என்று நிபந்தனை போடுவீர்களா?

ஐந்து, பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்ட வந்தால் ஒப்புக்கொள்ளாத குடும்பத்தின் கதி என்ன? 2025 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கல் செய்யப்பட்ட நகர்ப்புறப் புதுப்பித்தல் மசோதா, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு 75 விழுக்காட்டினர் சம்மதித்தால் போதும் என்றது. மீதி 25 விழுக்காட்டில் நீங்கள் இருந்தால்?

கேள்வி கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். குடியிருப்பாளர் குழு அமையுங்கள். தோட்டத்தில் வேலை செய்த சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பழைய மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிப் பதிவு, யாராவது கொடுத்த வாக்குறுதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். யாராவது வாயால் வாக்குக் கொடுத்தால், "நீங்கள் இன்ன தேதியில் இப்படிச் சொன்னீர்கள்" என்று அவருக்கே கடிதம் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள், ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே சட்ட உதவி தேடுங்கள். கடைசி வாரம் வழக்கறிஞரிடம் வந்தால் அவரும் கையைத்தான் விரிக்க முடியும். வெறும் இழப்பீட்டுப் பணத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் ஒரு ஆண்டில் கரையும். வீடு பேரப்பிள்ளை வரை நிற்கும்.

டாக்டர் ஜெயகுமார் தோற்ற பிறகு மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. கட்சித் தலைவர் பொறுப்பை ஏற்றார், எழுதுகிறார், மக்களோடு நிற்கிறார். அவர் மீண்டும் நாடாளுமன்றம் போவாரா என்பது எனக்குப் பெரிய விஷயம் அல்ல. சம்பந்தன் காலத்தில் கேட்ட அதே கேள்வியை நம் பேரப்பிள்ளைகளும் கேட்க வேண்டுமா என்பதுதான் விஷயம்.

அரிசிப் பை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அடுத்த முறை அதை நீட்டுபவரிடம் கை நீட்டுவதற்கு முன், கேள்வியை நீட்டுங்கள்.